தாங்கும் இழைகள் தளர்ந்த கண்ணில் செயற்கை லென்ஸ் நிற்குமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. கண்புரைக்காகப் பரிசோதித்த மருத்துவர், லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்திருப்பதால் வளையம் வைக்க நேரலாம் என்றும், அன்றே லென்ஸ் பொருத்த முடியாமலும் போகலாம் என்றும் சொன்னார். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: பார்வை மங்கியிருக்கிறது என்றால் நெடுநாள் தள்ளிப்போடுவது நல்லதல்ல. புரை முற்ற முற்ற இறுகிவிடும். இறுகிய புரையை உடைத்தெடுக்கும்போது கொடுக்கும் விசை, ஏற்கெனவே தளர்ந்துள்ள அந்த இழைகளின்மேல்தான் விழும்.

இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது; அந்தப் பையைத்தான் இழைகள் பிடித்திருக்கின்றன. வழக்கமான சிகிச்சையில் புரையை மட்டும் எடுத்துவிட்டு அதே பையில் செயற்கை லென்ஸை வைப்பார்கள். பழைய அடி, இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபுவழி நோயான மார்ஃபான், முதுமையில் லென்ஸின்மேல் வெண்பொடிபோல் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் ஆகியவற்றால் இழைகள் அறுந்தோ தளர்ந்தோ போனால், அந்தப் பை ஆடத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன நிலையில் கண் அழுத்தமும் உயரக்கூடும் என்பதால், அதையும் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் குறிப்பிட்ட வளையம் பையின் உள்விளிம்பில் விரிந்து நின்று, வலுவான இழைகள் தாங்கும் பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்தளிக்கிறது. விளிம்பைக் கடிகார முகப்பாகக் கொண்டால், ஏறத்தாழ 4 மணி அளவு வரையிலான பலவீனத்துக்கு இது பொதுவாகப் போதும். அதற்கு மேற்பட்டால், கண்ணின் வெள்ளைப் பகுதியோடு தையலிட்டுப் பிணைக்கும் வளையம் தேவைப்படும். பையே கிழிந்துவிட்டால் வளையத்துக்கு அங்கே வேலையில்லை. அப்போது லென்ஸைக் கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸில் கவ்வ வைக்கலாம். அல்லது லென்ஸின் இருபுறமும் நீளும் மெல்லிய கால்களை வெள்ளைப் பகுதிக்குள் செருகி நிறுத்தலாம். செருகிய கால்களைத் திசுப்பசையால் மூடும் முறையைச் சென்னையின் அமர் அகர்வால் 2007இல் செய்துகாட்டினார். கால் நுனியைச் சூட்டால் மொட்டாக்கித் தையலே இல்லாமல் நிறுத்துவது ஜப்பானின் யமானே முறை.

அன்றே லென்ஸ் வைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று பொருளில்லை. கண் ஆறிய பிறகு இரண்டாம் முறையாகப் பொருத்தலாம். அதுவரை கனத்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வேண்டியிருக்கும். மறு கண் நன்றாக இருந்தால் கனத்த கண்ணாடி ஒத்துவராது, ஏனெனில் இரு கண்களிலும் உருவங்கள் வெவ்வேறு அளவில் தெரியும்.

மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே கேளுங்கள்: பை கைகொடுக்காவிட்டால் எந்த லென்ஸ் தயாராக இருக்கும், லென்ஸின் துண்டு கண்ணின் பின்பகுதிக்கு நழுவினால் விழித்திரை மருத்துவர் உடனே கிடைப்பாரா? முன்கூட்டியே இவ்வளவையும் சொன்ன மருத்துவர் இதற்கும் பதில் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். தொலைவு, அருகு இரண்டையும் தெரியவைக்கும் மல்டிஃபோகல் லென்ஸை நான் பரிந்துரைக்கமாட்டேன். சிறிதே நகர்ந்தாலும் பார்வை கலங்கும்.

வளையம் பாரத்தைப் பகிருமே தவிர, இழைகள் மேலும் தளர்வதைத் தடுக்காது. சில ஆண்டுகள் கழித்தும் பையோடு லென்ஸ் கீழிறங்கக்கூடும். ஆகவே திடீரென்று மங்கலோ இரட்டைப் பார்வையோ ஏற்பட்டால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.