மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினை வெளியே விடுவதும் தடுப்பதும் எந்தப் புரதங்கள்? செட்டிரிசின் போட்டும் தடிப்பு ஏன் வருகிறது?

மாஸ்ட் செல் என்பது தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஒரு நோய் எதிர்ப்புச் செல்; ஹிஸ்டமின் அது விடும், தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் வேதிப்பொருள்; செட்டிரிசின் ஒவ்வாமைக்குப் போடும் மாத்திரை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. எங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் எளிதாகப் புரியும்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. பெங்களூரா பறிக்கிற நேரம். கிளையை வளைத்தபோது கூடு கலைந்து, சித்தப்பாவை மூன்று நான்கு குளவிகள் கொட்டிவிட்டன. முந்தின வருடமும் ஒன்று கொட்டியிருந்தது. கை வீங்கி இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அதே நினைப்பில் சுண்ணாம்பு தடவி, ஒரு செட்டிரிசினும் கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். இன்றும் அது உறுத்துகிறது.

சரி, உள்ளே நடந்தது என்ன? மாஸ்ட் செல் ஹிஸ்டமினை முன்கூட்டியே தயாரித்து, துகள்களில் அடைத்து வைத்திருக்கிறது. 1878-ல் இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்த பால் எர்லிக், அந்தத் துகள்களைப் பார்த்து நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்தார். அது எங்கள் ஊர்ப் பக்கத்து கே.ஆர்.பி. அணை நிறைந்து நிற்கிற மாதிரி. தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. மதகைத் தூக்குவதுதான் பாக்கி.

முதல் கொட்டு வாங்கியபோதே சித்தப்பாவின் உடம்பு குளவி விஷத்துக்கு எதிராக ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்கியிருக்க வேண்டும். ரத்தத்தில் சில நாள்தான் தாங்கும் அது, மாஸ்ட் செல்லின் ஏற்பியில், அதாவது செல்லின் மேல் செய்தியை வாங்கும் புரதத்தில், உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும். அடுத்த முறை விஷப் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.இ.க்களைச் சேர்த்துப் பிடிக்கும்போது ஏற்பிகள் நெருங்குகின்றன. அதுதான் தொடக்கம்.

உடனே லின் என்ற நொதி ஏற்பியின் வால் பகுதியில் பாஸ்பேட் ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு சிக் என்ற நொதி வந்து அமர்கிறது. இந்தத் தொடரில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிக்தான். அதை முடக்கினால் இந்த வழியில் ஹிஸ்டமின் வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிடும். சிக், லாட் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஒட்ட, அங்கே மற்றவை கூடுகின்றன. அவற்றில் பி.எல்.சி. காமா என்ற நொதி, செல் சவ்விலுள்ள ஒரு கொழுப்பை வெட்டி இரண்டு செய்தித் துணுக்குகளாக்குகிறது. ஒன்று செல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். அந்தக் கிடங்கு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, வெளிச்சவ்விலுள்ள ஓராய்1 என்ற கால்சிய வாசலைத் திறக்க, வெளியிலிருந்தும் கால்சியம் பாய்கிறது. இன்னொரு துணுக்கு பி.கே.சி. என்ற நொதியை எழுப்புகிறது. கடைசியில் ஸ்நாப்-23, வாம்ப்-8 போன்ற புரதங்கள் முறுக்கிக்கொண்டு துகளையும் சவ்வையும் இணைக்க, ஹிஸ்டமின் கொட்டுகிறது. எல்லாம் சில நிமிட வேலை.

தடுப்பவையும் கூடவே இருக்கின்றன. ஷிப்-1 என்ற நொதி இந்தச் செய்தியைப் பாதியிலேயே தணிக்கப் பார்க்கும். தொடங்கி வைத்த லின்னே சில சமயம் இந்தத் தடுப்புப் பக்கமும் வேலை செய்கிறது. ஒரே புரதத்துக்கு இரண்டு முகம் இருப்பதை ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கே புதிதாக இருக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். செட்டிரிசின் மதகை மூடுவதில்லை. கீழே உள்ள ஊரில் வீட்டுக் கதவைச் சாத்துவது போல, ஹிஸ்டமின் போய் ஒட்டும் ஏற்பியை மட்டும் அடைக்கிறது. மதகு திறந்தே இருந்தால் மாஸ்ட் செல் விடும் மற்ற வேதிப்பொருட்கள் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அட்ரினலின் அப்படி இல்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தைத் தூக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், அதோடு மாஸ்ட் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறின் அளவை உயர்த்தி ஹிஸ்டமின் வெளியேறுவதையே குறைக்கும்.

உங்கள் தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு ஐ.ஜி.இ.யையே பிடித்துவிடும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது. மாம்பால் பட்டு மறுநாள் தோல் வெந்து கொப்பளிப்பது வேறு கதை; அது டி செல்கள் என்ற வேறு நோய் எதிர்ப்புச் செல்களின் வேலை, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

குளவி கொட்டியவருக்கு உதடு வீங்கினாலோ குரல் மாறினாலோ மூச்சு இழுத்தாலோ மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அட்ரினலின் கிடைக்கும் இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள்.