மகாலட்சுமியில் இன்னும் குதிரை ஓடுகிறதா?

கே: மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ் பக்கம் போனால் பாட்டுக் கச்சேரி மேடைதான் கண்ணில் படுகிறது. அங்கே இப்போது குதிரை ஓடுகிறதா, இல்லையா?
- வாசகர், மாட்டுங்கா

ப: ஓடுகிறது சார். இந்தியன் டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயம் இன்றும் அங்கேதான். 1883-ல் குதிரைக்காகத் தொடங்கிய மைதானத்தில், காலையில் உங்கள் மாட்டுங்கா மாமாக்கள் வாக்கிங் போவதும், அவ்வப்போது ஹெலிகாப்டர் இறங்குவதும், 2023-லிருந்து லொல்லபலூசா இசைவிழா அதிர்வதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. பந்தயம் நடத்தும் கிளப்புக்கு 1914-ல் ஆரம்பித்த 99 வருட நிலக் குத்தகை 2013-ல் முடிந்தது, அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் இழுபறி. கடைசியில் 2024-ல் பூங்காவுக்காக 120 ஏக்கரை மாநகராட்சி எடுத்துக்கொள்ள, கிளப்புக்கு மிஞ்சியது 91 ஏக்கர். ஜாக்பாட் அடித்தது நடக்கிறவர்களுக்குத்தான் என்பேன். அந்த 120 ஏக்கரில் கட்டடம் ஏதும் முளைக்கிறதா என்று மட்டும் போகும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.