ஆவேசமாக இருந்த அண்ணனுக்கு ஏன் இரண்டு ஊசி?

தக்கலையிலிருந்து அண்ணனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது எதற்கு இரண்டு ஊசி போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும்தான். முதலாவது ஆவேசத்தை அடக்கும். ஆனால் அதை மட்டும் போட்டால் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். கூட நிற்பவர்கள் வலிப்பு என்று அலறிவிடுவார்கள். புரோமெத்தசின் அதைத் தடுக்கும், தூக்கமும் வரவைக்கும்.

வேலூர் சி.எம்.சி.யில் 200 பேரை வைத்து நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், லோராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைவிட இந்த ஜோடி சீக்கிரம் அமைதிப்படுத்தியது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓலான்சபின் என்ற இன்னொரு மனநல மருந்தின் ஊசியும் வேகமானதே. ஆனால் ஓலான்சபினோடு லோராசெபாம் ஊசியைச் சேர்த்துப் போடுவதைத் தவிர்ப்பார்கள், மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடலாம்.

குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த நடுக்கம், பிதற்றல் என்றால் கதையே வேறு. அங்கே லோராசெபாம், டயசெபாம் வகைதான் முதலில். ஹாலோபெரிடால் வலிப்பைத் தூண்டலாம். அதனால் கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை மறைக்காதீர்கள். சர்க்கரை இறங்கினாலும் ஆவேசம் வரலாம் என்பதால், சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியே சொல்லுங்கள். அப்புறம், மாத்திரை விழுங்கச் சம்மதிப்பவருக்குப் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது.