மலையில தாகத்துக்கு எத வாங்கலாம், எத விடலாம்? உங்க கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, லீவுக்கு கோயம்புத்தூர்ல இருந்து பசங்களோட ஊட்டி வர்றோம். பாட்டில் தண்ணி கொண்டு வரக்கூடாதுன்றாங்க, அப்ப குடிக்க என்ன பண்றது? குளிர்ல தாகமே எடுக்காதுன்னு வேற சொல்றாங்க.

பதில்: ஆமாங்க, நீலகிரியில 2019ல இருந்தே 5 லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணியோ கூல்டிரிங்ஸோ கூடாது, செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி பாத்து எடுத்துருவாங்க, அதனால மேட்டுப்பாளையத்துல கேஸ் கேஸா வாங்கி ஏத்திட்டு வராதீங்க. அந்த காசுல ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்குங்க, வீட்லயே ரொப்பிட்டு வாங்க. வழியில வாட்டர் ஏடிஎம் வச்சிருக்காங்க, ஆனா எல்லாம் எப்பவும் ஓடும்னு நம்பி வராதீங்க. சாப்பிடுற ஹோட்டல்ல கொதிக்க வச்ச தண்ணின்னு கேட்டு வாங்கி ரொப்பிக்கங்க, கேக்க கூச்சப்படவே வேண்டாம்.

தாகம் எடுக்காதுன்றது உண்மைதான், ஆனா தண்ணி தேவையில்லன்னு ஆகிடாது. குளிர்ல தாகம் தெரியிறதுதான் குறையுது, மூச்சு வழியா உடம்புல இருந்து தண்ணி போயிட்டேதான் இருக்கும், அதுலயும் தொட்டபெட்டா மாதிரி ஏத்தத்துல நடந்தா இன்னும் ஜாஸ்தி. பசங்க கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுப்பாங்கன்னு பயந்து காலையில இருந்து தண்ணியே குடுக்காம கூட்டிட்டு வர்றவங்கள நிறைய பாக்குறேன், அது பசங்களுக்கு ரொம்ப கஷ்டம்ங்க. ஒரேயடியா குடுக்காம மடக்கு மடக்கா குடுங்க. சிறுநீர் அடர் மஞ்சளா போச்சுன்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

ரோட்டோர ஊத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அப்படியே புடிச்சு குடிக்காதீங்க. மேல தோட்டம் இருக்கு, மருந்து அடிக்கிறாங்க, காட்டுமாடு இறங்குது. காட்டேஜ்ல நீங்களே காய்ச்சுறீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 100 டிகிரிக்கு போறதுக்கு முன்னாடியே, 92, 93லயே கொதிச்சிரும். அதனால கொப்புளம் வந்ததும் அடுப்ப அணைக்காதீங்க, தளதளன்னு 3 நிமிஷம் கொதிக்கட்டும். 6500 அடிக்கு மேல இருக்க ஊருக்கெல்லாம் இதுதான் கணக்கு.

கேள்வி: எங்க அத்தை கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்க போறாங்க. நாள் பூரா கட்டன் டீதான், தண்ணி தொடுறதில்ல. டீ குடிச்சா தண்ணி வத்திரும்னு சொல்றாங்களே, எனர்ஜி டிரிங்க் ஏதாவது வாங்கி குடுக்கவாக்கா?

பதில்: எனர்ஜி டிரிங்க் வேண்டாம்மா. அதுல இருக்குறது காஃபினும் சர்க்கரையும், டீயில காஃபின் ஏற்கனவே வருது, அதுக்கு மேல எதுக்கு காச கொட்டணும். டீ குடிச்சா உடம்புத் தண்ணி வத்தாது, அளவா குடிக்கிற டீயும் தண்ணி கணக்குலதான் சேரும். பாக்க வேண்டியது சர்க்கரை. ஒரு நாளைக்கு சேத்துக்குற சர்க்கரை 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் போட்டு அஞ்சு டம்ளர் குடிச்சா டீயிலயே 40, 50 போயிரும். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, சோத்தோட சேத்து டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்க இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது, ரத்தசோகை இருக்கவங்க ஒரு மணி நேரம் தள்ளி குடிக்கிறது நல்லது.

ஆனா அவங்க ஏன் தண்ணி குடிக்கிறதில்லன்னு பக்கத்துல உக்காந்து கேட்டு பாத்தீங்களா? பறிக்கிற எடத்துல ஒதுங்க வசதி கிடையாது, அதனால குடிக்காமலே இருந்துருவோம்னு எத்தனையோ பேர் வாயால கேட்டிருக்கேன், அப்படி அடக்கி அடக்கிதான் நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன் எல்லாம் வருது. இது எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற விஷயம். குடிதண்ணியும் கழிப்பறையும் ஏற்பாடு பண்றது நிர்வாகத்தோட கடமைன்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியிருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா வந்த புது தொழிலாளர் சட்டத்துலயும் அது இருக்கு, யாரும் தர்ற சலுகை இல்ல அது. நாலு பேரா சேந்து சூப்பர்வைசர்கிட்ட கேக்க சொல்லுங்க, யூனியன் இருந்தா அங்கயும் சொல்லட்டும். நீங்க வாங்கி குடுக்கணும்னு ஆசப்பட்டா ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் வாங்கி குடுங்க, சீரகம் போட்டு காய்ச்சின தண்ணி சூடா இருந்தா அந்த குளிர்ல தானா குடிப்பாங்க.

கேள்வி: பையனுக்கு வயித்துப்போக்கு, கடையில ஓஆர்எஸ்னு ஆரஞ்சு கலர் டப்பா குடுத்தாங்க, இனிப்பா இருக்கு. அது சரியானதா?

பதில்: பேர பாத்து வாங்காதீங்க, டப்பாவ திருப்பி பாருங்க. சரியான ஓஆர்எஸ்ல ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5, மொத்தம் 20.5 கிராம். ஓஆர்எஸ்னு பேர் போட்டு சர்க்கரை அதிகமா இருக்க ஜூஸ் வித்துட்டு இருந்தாங்க, சர்க்கரை ஏறுனா வயித்துப்போக்கு இன்னும் கூடிரும். 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ இந்த மாதிரி பானங்க பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு உத்தரவே போட்டுச்சு. மெடிக்கல்ல பாக்கெட் பவுடர் கேளுங்க, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுப்பாங்க. ஒரு லிட்டர் பாக்கெட்ட காய்ச்சி ஆற வச்ச ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கலக்குங்க, பாதி பாக்கெட்ட ஒரு டம்ளர்ல போடுற வேலை வேண்டாம், 24 மணி நேரத்துல மீதிய கொட்டிருங்க. பையன் சோந்து போய் கெடந்தாலோ, கண்ணு உள்ள போன மாதிரி இருந்தாலோ, சிறுநீர் போகலன்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி: ஊட்டியில தாட்பூட் பழ (பேஷன் ஃப்ரூட்) ஸ்குவாஷ் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், லேபிள்ல ஸ்குவாஷ்னு போட்டிருந்தா பழச்சாறு 25 சதவீதத்துக்கு கம்மியா இருக்கக்கூடாது. சிந்தெடிக் சிரப்னு சின்ன எழுத்துல இருந்தா வச்சிட்டு வந்துருங்க, அது கலரும் எசன்ஸும்தான். ஆனா பழமே கிடைக்கிறப்ப எனக்கு பழம்தாங்க. தோல் சுருங்கி, கையில எடுத்தா கனமா இருக்குறத பாத்து எடுங்க, வழவழன்னு இருக்குறது இன்னும் புளிக்கும். ரெண்டா வெட்டி மஞ்சச் சதைய விதையோட ஸ்பூன்ல வழிச்சு, வடிகட்டியில போட்டு தேய்ச்சு, தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் நாட்டுச்சக்கரை. ரூம் பூரா வாசம் வரும். ஒரு டம்ளருக்கு ரெண்டு பழம் தாராளமா போதும்.

கேள்வி: வியூ பாயிண்ட் கடையில கண்ணாடி பாட்டில் சோடாவுக்கு கூலிங் சார்ஜ்னு எம்ஆர்பிக்கு மேல 10 ரூபா கேட்டாங்க. மலை மேல இப்படித்தானா?

பதில்: இல்லவே இல்ல. மலையோ சமவெளியோ, கடையில எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா கூட வாங்கக்கூடாது, ஏத்துகூலி, கூலிங் எல்லாம் அதுக்குள்ளதான். உக்காந்து சாப்பிடுற ஹோட்டல், ரெஸ்டாரண்ட் மட்டும் வேற, அங்க எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால மெனு பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க. கடையில அதிகமா கேட்டா பில் கேளுங்க, தரலன்னா பாட்டில்ல இருக்க எம்ஆர்பிய போட்டோ எடுத்துக்கங்க, ஜிபேல காசு போட்டிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயும் பேசலாம். தொழிலாளர் துறை ஆய்வாளர்கிட்டயும் புகார் குடுக்கலாம், நம்ம மாநிலத்துல எடையளவு, எம்ஆர்பி எல்லாம் பாக்குறது அவங்கதான்.