பிஎல்எஸ் சான்றிதழை இணையத்தில் மட்டும் புதுப்பிக்கலாமா?
வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் உங்கள் பிஎல்எஸ் (இதயமோ மூச்சோ நின்றவரைக் காக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் அடுத்த மாதம் காலாவதியாவதால், அரை மணி நேரத்தில் சான்றிதழ் தரும் இணையதளத்தில் அதைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். அமெரிக்க இதயச் சங்கம் தரும் சான்றிதழ் அட்டை இரண்டு ஆண்டுகள் செல்லும். பாடப்பகுதியை இணையத்தில் படிக்க அச்சங்கமே வழி செய்திருந்தாலும், பயிற்சி பொம்மையின் மீது செய்முறைத் தேர்வில் தேறாமல் அட்டை கிடைக்காது. எந்த அமைப்பின் அட்டை செல்லும் என்பதை உங்கள் மருத்துவமனையின் பணியாளர் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டறிந்த பிறகே பணம் செலுத்துங்கள்.

அட்டை இரண்டாண்டு தாங்கினாலும் கைத்திறன் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. இதயம் நின்றவரின் மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் ஆழம், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விடுதல் ஆகியவற்றை எழுத்துத் தேர்வில் எவரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது நிமிடத்தில் களைத்துப்போன கைதான் அவற்றைத் தவறவிடுகிறது. அழுத்துபவர் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது இதனால்தான். ஆகவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது, ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் கருவியுள்ள பொம்மையில், இரவுப்பணித் தோழியருடன் பத்து நிமிடம் பழகுங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் 2025 அக்டோபரில் திருத்தப்பட்டுள்ளதால், புதிய பாடநூலைக் கொண்டு நடத்துகிறார்களா என்பதையும் பயிற்சி மையத்தில் விசாரியுங்கள்.