இங்கிலாந்து நாய்க் காப்பகத்துக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை: மகள் சேரலாமா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. இங்கிலாந்தில் நாய்களைப் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனம், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்க ஆள் கேட்டிருக்கிறது. வீடியோவில் பேசிவிட்டார்கள், அடுத்த வாரம் முடிவு சொல்லுங்கள் என்கிறார்களாம். இது உண்மையான வேலைதானா? பேங்க் எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், இதில் போய் மாட்டிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தந்தை, திண்டுக்கல்)

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் முதலில் இந்த நிறுவனம் உண்மையா என்று பார்த்துவிடுவோம். அதற்கு நல்ல வழி இருக்கிறது.

இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைப்பவர்களும் பகலில் மட்டும் பார்த்துக்கொள்பவர்களும் உள்ளூர் கவுன்சிலிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 அக்டோபர் 1 முதல் இதுதான் சட்டம். உரிமம் வைத்திருப்பவரின் பெயரையும் உரிம எண்ணையும் நிறுவனத்தின் இணையதளத்தில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட கவுன்சிலுக்கு உங்கள் மகளே ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சரிபார்க்கலாம். லிமிடெட் கம்பெனி என்றால் அங்கே நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். தனிநபர் தொழில் அந்தப் பட்டியலில் வராது, அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். நாயை நடக்கக் கூட்டிப்போவது மட்டும்தான் தொழில் என்றால் இந்த உரிமமும் தேவையில்லை.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ‘வாடிக்கையாளர் பணம் உங்கள் அக்கவுண்டுக்கு வரும், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்றால் அது இன்னும் ஆபத்து. மோசடிப் பணத்தைக் கைமாற்றிய வழக்கில் உங்கள் மகளின் பெயர் வந்துவிடும். ஏமாற்றம் ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

நிறுவனம் உண்மை என்று தெரிந்துவிட்டால், இந்த வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். ‘டிகிரி படித்துவிட்டு நாய்க்கு அப்பாயின்ட்மென்ட் போடுவதா’ என்று உறவில் யாராவது கேட்கக்கூடும். என்னைப் பொறுத்தவரை இது ஒரு சிறு அலுவலகத்தையே நடத்தும் வேலை. அந்த நிறுவனத்தின் முதலாளி பகல் முழுக்க மழையிலும் சேற்றிலும் கையில் நான்கு கயிறுகளோடு நடந்துகொண்டிருப்பார். போன் அடித்தால் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் தொழில் தடுமாறாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆள் வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கள் பொது விடுமுறை. அந்த வார இறுதிக்கு தன் லாப்ரடார் நாயை விட்டுச்செல்லலாமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார். உடனே சரி என்று சொல்லிவிட முடியாது. உரிமத்தில் எத்தனை நாய்களுக்கு அனுமதி, அந்தத் தேதியில் ஏற்கெனவே எத்தனை வருகின்றன என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடமென்றால், வேறு வேறு வீட்டு நாய்களைச் சேர்த்துத் தங்கவைக்க ஒவ்வொரு உரிமையாளரிடமும் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்க வேண்டும். பெண் நாயாக இருந்தால் ஹீட்டில், அதாவது இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா, எந்த மருத்துவரிடம் காட்டுகிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் நினைப்பில் ரேபீஸ் ஊசிச் சான்றிதழ் கேட்டால் அவர்கள் குழம்புவார்கள். அங்கே வெளிநாடு போகும் நாய்களுக்குத்தான் வழக்கமாக அதைப் போடுகிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகு முன்பணம், ரசீது, காலண்டரில் பதிவு.

செவ்வாய் என்பதை வியாழன் என்று பதிந்துவிட்டால், ஒரு நாய் பகல் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள் யாருக்காகவோ காத்துக்கிடக்கும். அதனால் இந்த வேலைக்கு முதலில் வேண்டியது, எழுதியதை இன்னொரு முறை பார்க்கும் பழக்கம். நாயைக் கண்டால் பயம் என்பது தடையே இல்லை. எளிமையான, அன்பான ஆங்கிலத்தில் நான்கு வரி மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும். எக்ஸெல்லும் கூகுள் காலண்டரும் கைவர வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தால் ரொம்ப நல்லது. தொலைபேசியில் அவர்கள் உச்சரிப்பு பழகச் சில வாரம் பிடிக்கும். புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் தவறில்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் வீட்டு முகவரி, வீட்டுச் சாவியை வைத்திருக்கும் பூட்டுப் பெட்டியின் எண், அவர்கள் ஊரில் இல்லாத தேதிகள், எல்லாம் உங்கள் மகளின் கணினியில் வந்து நிற்கும். அங்கே ஏதாவது திருட்டு நடந்தால் ‘யாருக்கெல்லாம் தெரியும்’ என்ற கேள்விதான் முதலில் எழும். எனவே இந்த விவரங்கள் வாட்ஸ்அப்பில் வரக்கூடாது, நிறுவனத்தின் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். தனக்கென்று தனி லாகின் கேட்டு வாங்கட்டும். முதலாளியின் பேங்க் பாஸ்வேர்டை அவரே கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்களுடைய காலை 9 முதல் மாலை 5 வரை என்பது, நமக்குக் கோடையில் மதியம் 1.30 முதல் இரவு 9.30 வரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, மார்ச் கடைசி வரை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ராத்திரி முழுக்க விழிக்கும் வேலை இல்லை. காலை முழுவதும் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாம். ஆனால் வாரம் 40 மணி நேரம் வேலையும் பார்த்துப் பரீட்சைக்கும் படிப்பது உடம்பு தாங்காது. முதல் ஆறு மாதம் வாரம் 20 மணி நேரம் மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். சிறிய நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் தேவைப்படும்.

சம்பளத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. இங்கிருந்து ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. செலவு குறையும் என்றுதான் இந்தியாவில் ஆள் தேடுகிறார்கள். அதற்காகச் சொன்ன தொகைக்குத் தலையாட்ட வேண்டாம், பேரம் பேசலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் தொகை கேட்க வேண்டும். மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் பணம், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர்கள் விடுமுறையில் மூடினால் சம்பளம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். ‘ஒரு வாரம் சும்மா வேலை செய்து காட்டுங்கள்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பரிசோதனை வாரத்துக்கும் பணம் உண்டு.

பணம் உங்கள் மகளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஒவ்வொரு மாதமும் இன்வாய்ஸ் அனுப்பி நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுங்கள். பே ஸ்லிப் இல்லாத வேலையில், நாளைக்கு லோன் கேட்டுப் போனால் அதுதான் வருமானத்துக்குச் சான்று.

இதிலேயே காலம் முழுக்க இருக்கச் சொல்ல மாட்டேன். புக்கிங், ரசீது, பாக்கி வசூல் என்று ஒரு வருடம் பழகியவர், ஜீரோ (Xero) அல்லது குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டால் அங்குள்ள சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு நகரலாம். பி.காம். படிப்பு அங்கேதான் முழுசாகக் கைகொடுக்கும். அதற்கு அனுபவச் சான்று தேவைப்படும். அதைத் தருவார்களா என்று அடுத்த வாரம் பேசும்போதே உங்கள் மகள் கேட்டுவிடட்டும்.