பெரும்பாடும் ஒரு சமையலறைக் கலண்டரும்

கேள்வி: டொக்டர் அக்கா, எனக்கு 46 வயது. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். ஒரு வருடமாக மாதவிடாய் ஒழுங்கில்லை. இரண்டு மாதம் வராது. வந்தால் 12, 13 நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகிறது. மெஷினை விட்டு எழும்பும்போதெல்லாம் கதிரையைத் திரும்பிப் பார்க்கிறேன். "நிற்கப்போற காலத்தில எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார் மாமி. ஃபார்மசியில் ஒரு குளிசை வாங்கிப் போட்டேன், நின்றது. விட்ட மூன்றாம் நாள் திரும்பவும் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்று பயம்.
– வாசகி, நிலாவெளி

பதில்: கதிரையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, தங்கச்சி. அப்போது எனக்கு 44 வயது. வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு, என் கதிரையில் மட்டும் கறுப்புத் துவாய் மடித்துப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, கோட்டைக்குள் மான்கள் மேய்கிற இடத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

மாமி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் சில மாதம் முட்டை வெளிவராது. அந்த மாதங்களில் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரஜன் என்ற மற்ற ஹோர்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். இரண்டு மாதம் தடித்தது ஒருநாள் ஒழுங்கில்லாமல் உதிரத் தொடங்கினால் நிற்காமல் ஓடும். பழைய ஆட்கள் பெரும்பாடு என்றார்களே, அது.

மற்றப் பாதியைத்தான் மாமி சொல்லவில்லை. கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ரொயிட் கட்டி, உள்சுவரில் தொங்கும் சின்னச் சதை, தைரொயிட் குறைவு, ரத்தத்தை ஐதாக்கும் குளிசை, சிலருக்குப் புற்றுநோயின் தொடக்கம் என்று எல்லாமே வெளியில் இதேபோலத்தான் தெரியும். வயதை மட்டும் கேட்டு எது என்று சொல்ல முடியாது. 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வந்து, 8 நாளுக்குள் நின்றால் சரி. உங்களுடையது இரண்டிலும் தவறுகிறது.

குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. விட்ட மூன்றாம் நாள் தொடங்கியதைப் பார்த்தால் நொரெதிஸ்டெரோன் போலிருக்கிறது. போடும்வரை உள்சுவரைப் பிடித்து வைத்திருக்கும், விட்டதும் உதிர விடும். மருந்து தோற்றுப்போகவில்லை, அதன் வேலையே அது. நல்ல மருந்துதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் நோய் மறைந்துகொள்ளும்.

இன்றைக்கே சமையலறைக் கலண்டரை எடுங்கள். ரத்தம் பட்ட நாளுக்கு ஒரு புள்ளி, இரவில் எழும்பி பேட் மாற்றிய நாளுக்கு இரண்டு. அதைக் கழற்றி அப்படியே டொக்டரிடம் கொண்டுபோங்கள். "கனக்கப் போகுது" என்பதைவிட அந்தப் புள்ளிகள் தெளிவாகப் பேசும். ரத்தம், தைரொயிட் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். சிரிக்க வேண்டாம், 46இலும் நடக்கும். அப்புறம் ஸ்கான். 45 தாண்டியதால் உள்சுவரில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். மெல்லிய குழாய், சில நிமிடம், மாதவிடாய் வலிபோல ஒரு பிடிப்பு. வெல் வுமன் கிளினிக்கில் பப் பரிசோதனை நல்லபடி வந்தது என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அது கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது, உள்சுவரை அல்ல.

கர்ப்பப்பையை எடுப்பது கடைசிக் கதவு. அதற்கு முன்னால், ரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடும் ட்ரனெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. பலருக்குப் போக்கைப் பாதியாக்கும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், அது உங்களுக்குச் சரிவராது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப் ஒன்றும் இருக்கிறது, 5 வருடம் உள்ளேயே இருக்கும். என்னைக் காப்பாற்றியது அதுதான். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டு எரிச்சல் மூட்டியது, பிறகு கறுப்புத் துவாய் தேவைப்படவில்லை. இரும்புக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். வெறுந்தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், இரும்பை உடம்பில் சேரவிடாது.

மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து, இரண்டு மணித்தியாலம் அப்படியே போனாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ கலண்டரைத் தேடாதீர்கள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: உம்மாவுக்கு 63 வயது. மாதவிடாய் நின்று 11 வருடம். போன கிழமை கொஞ்சம் ரத்தம் பட்டது, பிறகு இல்லை. திரும்பப் பட்டால் காட்டலாமா?
– மகள், கிண்ணியா

பதில்: திரும்பப் படும்வரை காத்திருக்க வேண்டாம், மகள். முழுதாக ஒரு வருடம் நின்றபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் பிறப்புறுப்பின் உள்ளே வறண்டு மெலிந்த தோல்தான் காரணமாக இருக்கும். ஆனாலும் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அப்படிச் சொல்லலாம். நேரத்தோடு பிடித்தால் குணமாகிற புற்றுநோய் அது. உம்மா பெண் டொக்டர்தான் வேண்டும் என்றால் கிளினிக்கில் முதலே சொல்லிவையுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ரத்தம் பட்ட திகதியை எழுதிக்கொண்டு இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.